செவ்வாய்க்கிழமையும் புதன்கிழமையும் கேட்கப்படாத கேள்வி

“வாயும் வயிறுமா இருக்கிற பொண்ணு மேல கை வைக்கிறியே, நீயெல்லாம் மனுசனா?”

தெருவில் சத்தம் முற்றும்போது யாராவது ஒரு கிழவி இப்படிக் கேட்டுவிடுவார். அடித்தவனும் கொஞ்சம் அடங்குவான். அதே பெண்ணை ஒரு வருடம் கழித்து அவன் அடிக்கும்போது கிழவி வாயைத் திறப்பதில்லை. புருஷன் பொண்டாட்டி சண்டை, நமக்கெதுக்கு. கர்ப்பிணியை மட்டும் அடிக்கக் கூடாது என்று ஊர் ஒரு எல்லைக்கோடு போட்டு வைத்திருக்கிறது. அந்தக் கோட்டுக்குள் பெண் உண்மையிலேயே பத்திரமாக இருக்கிறாளா, கோட்டைத் தாண்டிக் குழந்தையோடு வெளியே வந்ததும் என்ன நடக்கிறது என்பதைத்தான் கடந்த ஐம்பது வருட ஆராய்ச்சி துருவிக்கொண்டிருக்கிறது.

எண்களைப் பார்த்தால் முதலில் கிழவிதான் ஜெயித்த மாதிரி தெரியும். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான தமிழ்நாட்டுப் பெண்களில் 38.1 சதவீதம் பேர் கணவரிடம் உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். இந்திய சராசரி 29.3. தொட்டில் குழந்தைத் திட்டம், மகளிர் காவல் நிலையம் என்று பலவற்றில் முன்னால் நிற்கும் மாநிலம் இதில் சராசரியைவிட மோசமாக இருக்கிறது, கர்நாடகம் 44.4 சதவீதத்தோடு இன்னும் மோசம். ஆனால் ‘கர்ப்பமாக இருந்தபோது அடி வாங்கியதுண்டா’ என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் வந்த எண் 2.8 சதவீதம்தான். இந்திய அளவில் 3.1.

38 எங்கே, 3 எங்கே? கர்ப்பம் பெண்ணைக் காக்கிறது என்று முடிவு கட்டிவிடலாமா? அவசரப்பட வேண்டாம். இந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று முதலில் பார்ப்போம்.

இந்தக் கணக்கெடுப்பில் ‘உங்கள் வீட்டில் வன்முறை உண்டா’ என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். ஓர் அறையை வன்முறை என்று நினைக்கிற பழக்கம் நம்மிடம் இல்லை. அதனால் செயல்களாகப் பிரித்துக் கேட்பார்கள்: அறைந்தாரா, கையை முறுக்கினாரா, முடியைப் பிடித்து இழுத்தாரா, தள்ளினாரா, உதைத்தாரா, கழுத்தை நெரித்தாரா, சூடு வைத்தாரா. ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண்ணிடம் மட்டும் கேட்பார்கள், அதுவும் தனியாக இருந்தால்தான். இது உலக சுகாதார நிறுவனம் இத்தகைய ஆய்வுகளுக்கு வகுத்திருக்கும் பாதுகாப்பு நெறி. பேசிக்கொண்டிருக்கும்போது யாராவது உள்ளே வந்தால் பேச்சை மாற்றிவிட வேண்டும் என்று கேட்பவருக்குப் பயிற்சியும் உண்டு. பதில் சொன்னதற்காக அன்று இரவு அவள் அடி வாங்கிவிடக் கூடாது, அல்லவா?

சரி, இவ்வளவு கவனமாகக் கேட்டாலும் எத்தனை பேர் மனம் திறப்பார்கள்? அதே கணக்கெடுப்பு இன்னொன்றையும் சொல்கிறது. இந்தியாவில் உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்த பெண்களில் 77 சதவீதம் பேர் யாரிடமும் உதவி கேட்டதும் இல்லை, யாரிடமும் சொன்னதும் இல்லை. அம்மாவிடம்கூட. கணவன் மனைவியை அடிப்பதற்கு ஏதோ ஒரு நியாயமாவது உண்டு என்று ஒப்புக்கொண்ட பெண்கள் 45 சதவீதம், ஆண்கள் 44. பெண்கள் ஒரு புள்ளி கூடுதல் என்பதைக் கவனியுங்கள். இப்படிப்பட்ட ஊரில், கர்ப்பிணியை அடிப்பது மகா பாவம் என்று எல்லோரும் நம்பும் ஊரில், ‘ஆமாம், மாசமா இருந்தப்பவும் அடிச்சார்’ என்று சொல்வது கணவனை ஊரறியப் பாவி ஆக்குவது. மற்ற அடிகளை ஒப்புக்கொள்ளும் பெண்ணும் இந்த இடத்தில் தயங்குவாள்.

இதில் காலக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. 38.1 என்பது கல்யாணமான நாள் முதல் இன்றுவரைக்குமான கணக்கு. தமிழ்நாட்டில் ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகள் 1.8. இரண்டு கர்ப்பம் என்று வைத்தாலும் பதினெட்டு மாதம்; பதினைந்து வருட இல்லறத்தில் அது பத்தில் ஒரு பங்கு. 2.8 என்பது 38.1இல் ஏறக்குறைய பதினான்கில் ஒரு பங்கு. இது விரல்விட்டுப் போட்ட கணக்கு, ஆராய்ச்சிக் கணக்கு அல்ல. அடி என்பது திரும்பத் திரும்ப விழுவது என்பதால், கர்ப்பத்தில் கொஞ்சம் தணிகிறது என்று வேண்டுமானால் சொல்லலாம். நின்றுவிடுகிறது என்று சொல்ல முடியாது.

அந்தத் தணிவிலும் ஒரு பங்கு, வளைகாப்புக்குச் சேர வேண்டியது என்பது என் எண்ணம். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளையல் அடுக்கித் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுகிறார்கள். தலைப்பிரசவம் அங்கேதான். குழந்தைக்கு மூன்று மாதம், ஐந்து மாதம் ஆன பிறகுதான் புகுந்த வீட்டுக்குத் திரும்புகிறாள். அடிக்கிற கைக்கும் அவளுக்கும் நடுவே அந்த மாதங்களில் ஒரு பஸ் தூரம் இருக்கிறது. ‘கர்ப்பத்தில் அடித்தாரா’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று வருவதில் இந்த பஸ் தூரமும் அடங்கியிருக்கலாம். திரும்பி வந்த பிறகு என்ன ஆனது என்று அந்தக் கேள்வி கேட்பதில்லை.

உலகத்தில் இந்தக் கேள்வியை முதலில் எழுதி வைத்தவர்களில் ஒருவர் ரிச்சர்டு கெல்லஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர். குடும்ப வன்முறை பற்றிப் பெண்களிடம் பேசிக்கொண்டிருந்தவர், கர்ப்பமாக இருந்தபோது அடி வாங்கிய கதைகள் எதிர்பாராமல் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்து 1975இல் சின்னதாக ஒரு குறிப்பு வெளியிட்டார். அப்புறம் நீண்ட மௌனம். 1992இல் ஜூடித் மக்ஃபார்லேன் என்ற செவிலியர் ஆய்வாளர் குழுவோடு சேர்ந்து ஹூஸ்டன், பால்டிமோர் நகரங்களின் கர்ப்பகாலக் கிளினிக்குகளில் 691 பெண்களிடம் கேட்டார். ஆறில் ஒருவர் ஆமாம் என்றார். அவர்கள் கேட்டது சில நேரடிக் கேள்விகள்தான், அதுவும் தனியறையில், ஒரே வருகையோடு விடாமல் கர்ப்ப காலத்தில் மறுபடி மறுபடியும். முதல் முறை இல்லை என்றவர்கள் பிறகு ஆமாம் என்றதும் உண்டு. நம்பிக்கை வர நாளாகிறது. பிரஷர் பார்க்கும் கருவி போலக் கேள்வியையும் மறுபடி மறுபடி எடுக்க வேண்டும் என்பதை அந்த ஆய்வு காட்டியது.

2005இல் வந்தது உலக சுகாதார நிறுவனத்தின் பெரிய ஆய்வு. கிளாடியா கார்சியா மொரேனோ தலைமையில் பத்து நாடுகள், பதினைந்து இடங்கள், 24,000க்கும் மேற்பட்ட பெண்கள். கர்ப்பத்தில் அடி வாங்கியவர்கள் ஜப்பானிய நகரத்தில் 1 சதவீதம், பெரு நாட்டின் மலை மாகாணத்தில் 28. அடி வாங்கியவர்களில் கால்வாசியிலிருந்து பாதிப் பேர்வரை வயிற்றிலேயே குத்தோ உதையோ வாங்கியிருந்தார்கள். அடித்தவர்களில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் அந்த வயிற்றில் இருந்த குழந்தையின் தகப்பன்தான். ‘பிள்ளை வந்தா திருந்திடுவான்’ என்று சொல்லி அனுப்பும் பெரியவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கலாம்.

இதனால் உடம்புக்கு என்ன ஆகிறது என்பது ஓரளவு எல்லோருக்கும் புரிந்த விஷயம்தான். வயிற்றில் அடி பட்டால் நச்சுக்கொடி முன்கூட்டியே பிரியலாம், ரத்தப்போக்கு வரலாம், பனிக்குடம் உடையலாம், குறைமாதத்தில் வலி எடுக்கலாம். ஆனால் ஆராய்ச்சியாளர்களை யோசிக்க வைத்தது அடியே படாத வயிறுகள். கன்னத்தில் மட்டும் அறை வாங்கியவள், அடிக்கு அஞ்சி வாழ்பவள், அவளுடைய குழந்தையும் ஏன் எடை குறைவாகப் பிறக்கிறது? துணைவரின் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும் வாய்ப்பு 16 சதவீதம் அதிகம் என்றும், கருக்கலைப்பு இரண்டு மடங்குக்கு மேல் என்றும், மனச்சோர்வு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்றும் உலக சுகாதார நிறுவனம் 2013இல் தொகுத்துச் சொன்னது. நீடித்த அச்சத்தில் உடம்பில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறிக்கிடப்பது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. சரியாகச் சாப்பிடாதது, தூங்காதது, இன்னொன்று. மூன்றாவது காரணம் நமக்கு ரொம்பப் பழக்கமானது: ஆஸ்பத்திரிக்கே போகவிடாதது.

இந்த மூன்றாவது காரணத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்தே சான்று இருக்கிறது. 1998-99இல் நடந்த இரண்டாவது குடும்ப நலக் கணக்கெடுப்பில் பேசிய கிராமத்துப் பெண்களைச் சில வருடம் கழித்து, 2002-03இல், ஒரு குழு மறுபடி தேடிப் போனது. பீகார், ஜார்க்கண்ட், மகாராஷ்டிரம், தமிழ்நாடு என நான்கு மாநிலங்கள். மைக்கேல் கோனிக், ராப் ஸ்டீபன்சன் முதலியோர் இந்தத் தரவை வைத்து வரிசையாகப் பல கட்டுரைகள் எழுதினார்கள். கர்ப்பத்தில் அடி வாங்கிய பெண்கள் முதல் மூன்று மாதத்துக்குள் பரிசோதனைக்குப் போவதும், மூன்று முறையாவது போவதும் மற்றவர்களைவிடக் குறைவு. அடி வாங்கிய பெண்கள் கருத்தடை முறையைத் தொடங்குவதும் குறைவு, வேண்டாத கர்ப்பம் அதிகம். திரும்பத் திரும்ப வன்முறைக்கு ஆளான தாயின் குழந்தை பிறப்பையொட்டியும் முதல் மாதத்திலும் இறக்கும் ஆபத்து கூடுதல். அந்தக் கட்டத்தைத் தாண்டிய குழந்தைகளிடம் அந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியவில்லை. அதற்கு முன்பே, 1998இல், ஷிரீன் ஜீஜீபாய் உத்தரப் பிரதேசத்தையும் தமிழ்நாட்டையும் ஒப்பிட்டு எழுதிய கட்டுரையில் மனைவியை அடிப்பதற்கும் கருச்சிதைவு, சிசு மரணத்துக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியிருந்தார். படிப்பிலும் சுகாதாரத்திலும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருந்த இரண்டு மாநிலங்கள், கை நீட்டுவதில் மட்டும் அவ்வளவு தூரத்தில் இல்லை.

திரும்பிப் போய்ப் பார்த்த ஆய்வுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? ஒரே நாளில் இரண்டையும் கேட்டால் எது முன்னால், எது பின்னால் என்று தெரியாது. குழந்தை இறந்த துக்கத்தில் வீடு சண்டைக்களம் ஆனதா, அடிதான் குழந்தையைக் கொன்றதா? முதலில் ஒருமுறை கேட்டு, வருடங்கள் கழித்து மறுபடி கேட்டால்தான் அந்த முடிச்சு கொஞ்சமாவது அவிழும். அப்போதும் வறுமை, குடி, சாதி, படிப்பு எல்லாம் உள்ளே புகுந்து குழப்பும். புள்ளியியல் அவற்றைக் கழித்துப் பார்க்கும், முழுதாகக் கழியாது.

குடி என்றதும் நம்மூரில் பேச்சு டாஸ்மாக்கில் போய் நின்றுவிடும். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஐந்தாவது கணக்கெடுப்பில், அடிக்கடி குடித்துவிட்டு வரும் கணவர்களின் மனைவியரில் 70 சதவீதம் பேர் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். குடிக்காதவர்களின் மனைவியரில் 23 சதவீதம். ஆனால் அந்த 23ஐயும் பாருங்கள். ஒரு சொட்டு தொடாமல் அடிக்கிறவர்கள் நாலில் ஒரு பங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு. குடி அடியைக் கூட்டுகிறது. யாரை அடிக்கலாம் என்பதை பாட்டில் சொல்லிக்கொடுப்பதில்லை. குடித்தவன் மேஸ்திரியை அடிப்பதில்லை.

இனப்பெருக்க நலம் என்று வரும்போது அடியைவிட நுணுக்கமான ஒன்றை ஆராய்ச்சி கண்டுபிடித்தது. 2010இல் எலிசபெத் மில்லர், ஜே சில்வர்மன் குழு வடக்குக் கலிஃபோர்னியாவின் ஐந்து குடும்ப நலக் கிளினிக்குகளுக்கு வந்த, 16 முதல் 29 வயதுள்ள ஏறக்குறைய 1,300 பெண்களிடம் புதுக் கேள்வி ஒன்றைக் கேட்டது: கர்ப்பமாகச் சொல்லித் துணைவர் வற்புறுத்தியதுண்டா? கருத்தடையைக் கெடுத்ததுண்டா? 19 சதவீதம் பேர் முதலாவதற்கும் 15 சதவீதம் பேர் இரண்டாவதற்கும் ஆமாம் என்றார்கள். மாத்திரையைத் தூக்கி எறிவது, ஆணுறையில் ஓட்டை போடுவது, பாதியில் கழற்றுவது. கர்ப்பம்கூட ஒரு பூட்டுதான் என்பது அப்போதுதான் கட்டுரைகளில் ஏறியது. கிராமத்து நர்ஸம்மாக்களுக்கு இது புதிய செய்தி அல்ல.

நம்மூரில் இந்தப் பூட்டுக்கு வேறு வடிவம். இங்கே கணவன் மட்டுமல்ல, மாமியார், நாத்தனார், சில சமயம் சொந்த அம்மாவும் சாவியைக் கையில் வைத்திருக்கிறார்கள். ‘கல்யாணமாகி ஒரு வருஷம் ஆச்சு, விசேஷம் ஒண்ணும் இல்லையா?’ என்ற கேள்வியில் தொடங்கும். காப்பர்-டி போட்டுக்கொண்டவளை வீட்டில் சொல்லி எடுக்க வைப்பது, ஆண் குழந்தை வரும்வரை ஆபரேஷன் வேண்டாம் என்று தடுப்பது, இரண்டாவது பிறந்த மறுநாளே ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடு என்று நெருக்குவது. முடிவு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அது அவளுடையதாக இருக்காது. குடும்பக் கட்டுப்பாட்டில் நாட்டுக்கே முன்மாதிரி என்று பெயர் வாங்கிய மாநிலத்தின் கணக்கைப் பாருங்கள்: தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்களின் ஆபரேஷன் 0.1 சதவீதம். பெண்ணின் ஆபரேஷனைவிட ஆணுக்குச் செய்வது சுலபம், வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. இது வன்முறை என்று நான் சொல்ல வரவில்லை. பெரும்பாலான பெண்கள் விரும்பித்தான் செய்துகொள்கிறார்கள், இனி பயமில்லை என்று நிம்மதியும் அடைகிறார்கள். எதைக் கண்டு பயம் என்பதுதான் யாரும் கேட்காதது.

கருக்கலைப்புக்கு வரும் பெண்ணிடம் ‘வீட்டுக்காரர் வரலையா, அவர் கையெழுத்து வேணுமே’ என்று கேட்கும் வழக்கம் இன்னும் பல ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது. சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. 1971ஆம் ஆண்டுச் சட்டப்படியே, வயது வந்த, மனநிலை சரியாக உள்ள பெண்ணின் சம்மதம் மட்டும் போதும். 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் இதை மறுபடி அழுத்திச் சொன்னது. கூடவே, கருக்கலைப்புச் சட்டத்தின் நோக்கத்துக்காக மட்டும், கணவன் பலவந்தம் செய்ததால் உண்டான கர்ப்பத்தையும் வன்புணர்ச்சியால் உண்டான கர்ப்பமாகவே கருத வேண்டும் என்றது. குற்றவியல் சட்டமோ வயது வந்த மனைவியைக் கணவன் பலவந்தப்படுத்துவதை வன்புணர்ச்சிக் குற்றமாக இன்றும் எண்ணுவதில்லை. ஒரே செயலுக்கு ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பெயர், போலீஸ் ஸ்டேஷன் வாசலில் பெயரே இல்லை. அந்தக் கையெழுத்து விஷயத்துக்கு வன்முறை ஆய்வில் தனி இடம் உண்டு. அடிக்கிறவனிடமே போய் அனுமதி வாங்கி வா என்று அனுப்புவது அது.

இனி பிரசவத்துக்குப் பின். எனக்கு இந்தப் பகுதிதான் முக்கியம்.

2002இல் ஒரே வருடத்தில் இரண்டு இந்திய ஆய்வுகள் வெளியாயின. ஒன்று வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்தில். நிறைமாதத்தை நெருங்கிய 359 பெண்களைப் பார்த்து, பிரசவத்துக்குப் பின் ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் மறுபடி பார்த்தார்கள். புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் 11 சதவீதம். காரணங்களாக வெளிவந்தவை: வருமானக் குறைவு, பையனை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் உரசல், கர்ப்ப காலத்தில் நேர்ந்த கஷ்டங்கள், கைவேலைக்கு ஆள் இல்லாதது. இன்னொன்று விக்ரம் பட்டேல் குழுவினர் கோவாவில் 270 தாய்மார்களிடம் செய்தது. அங்கே 23 சதவீதம். அதில் பலரும் கர்ப்பத்திலேயே மனம் தளர்ந்தவர்கள். பாதிக்கு மேல் ஆறு மாதம் கழித்தும் மீளவில்லை. கோவா ஆய்வில் ஒரு கண்டுபிடிப்பு முள்ளாகக் குத்தும்: கணவனின் அடியும் பசியும் தாயை எவ்வளவு வீழ்த்துகின்றன என்பது பிறந்தது ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்து மாறியது.

‘பிரசவம் ஆனா உடம்பு அப்படித்தான் இருக்கும், ஹார்மோன்’ என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். இப்போதெல்லாம் பேறுகாலச் சோர்வு பற்றிப் பத்திரிகைகள் நிறைய எழுதுகின்றன, நல்ல விஷயம். ஆனால் அதை ரசாயனக் கோளாறாக மட்டும் எழுதுவதில் ஒரு வசதி இருக்கிறது: வீட்டில் யாரையும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. மெல்பர்னில் முதல் குழந்தை பெற்ற 1,507 தாய்மார்களை ஸ்டெஃபனி பிரவுன் குழு வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்த்தது. முதல் வருடத்தில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் துணைவரின் உடல் அல்லது மனரீதியான வன்முறையைச் சந்தித்திருந்தார். அதே வருடத்தில் மனச்சோர்வு கண்டவர்களில் பத்தில் நான்கு பேர் வன்முறையையும் சொன்னார்கள். மனச்சோர்வு முதல் வருடத்தைவிடக் குழந்தைக்கு நான்கு வயதாகும்போதுதான் அதிகம் என்பதும் அங்கே தெரிந்தது. ஹார்மோன் நான்கு வருடம் தாங்காது.

மும்பையின் குடிசைப் பகுதிகளில் அனிதா ராஜ், சில்வர்மன் குழு செய்த ஆய்வு நம் குடும்ப அமைப்புக்கு இன்னும் நெருக்கமானது. கைக்குழந்தைக்குத் தடுப்பூசி போட வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார்களிடம் கேட்டார்கள். கர்ப்பத்திலோ பிரசவத்துக்குப் பின்னோ கணவனிடம் வன்முறையை அனுபவித்தவர்கள் நாலில் ஒரு பங்குக்கும் மேல். புகுந்த வீட்டார் செய்தவையும் கணக்கில் வந்தன: சாப்பாடு போடாமல் இருப்பது, ஓய்வெடுக்க விடாமல் வேலை வாங்குவது, ஆஸ்பத்திரிக்கு அனுப்பாதது, தாய்வீட்டுக்குப் போகவிடாதது. இதில் எதுவும் ‘அறைந்தாரா, உதைத்தாரா’ பட்டியலில் இல்லை. பச்சை உடம்புக்காரிக்குச் சோறு போடாததை எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

இந்த ஆய்வாளர்கள் தாய்மார்களைத் தேடிப் போன இடம் தடுப்பூசி மையம். தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கான நாள். புதன்கிழமை தடுப்பூசி நாள். செவ்வாய்க்கிழமை போய்ப் பாருங்கள், அரசாங்கம் ஒரு பெண்ணின் உடம்பை இவ்வளவு அக்கறையாக வேறு எப்போதும் பார்ப்பதில்லை. எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சர்க்கரை, குழந்தையின் இதயத் துடிப்பு. கர்ப்பத்தைப் பதிவு செய்து எண் வாங்கினால்தான் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் 18,000 ரூபாய். 99.6 சதவீதப் பிரசவம் ஆஸ்பத்திரியில் நடப்பது சும்மா வந்ததல்ல. ஆனால் தாய்-சேய் அட்டையில் வீட்டில் எப்படி நடத்துகிறார்கள் என்பதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. பெரும்பாலும் மாமியாரோ கணவனோ பக்கத்தில் நிற்கும் அந்தக் கூட்டத்தில் கேட்கவும் முடியாது.

எல்லாக் கர்ப்பிணியிடமும் கேட்டே தீர வேண்டுமா என்பதில் ஆராய்ச்சி உலகம் ஒருமனதாக இல்லை. கனடாவில் ஹாரியட் மெக்மில்லன் குழு 2009இல் வெளியிட்ட சோதனையில், எல்லோரிடமும் படிவம் கொடுத்துக் கேட்பதால் மட்டும் பெண்களின் வாழ்க்கை பெரிதாக மாறிவிடவில்லை. கேட்டுவிட்டு அப்புறம்? அனுப்ப இடமில்லாமல் கேட்பது புண்ணைக் கிளறிவிட்டுக் கட்டுப்போடாமல் அனுப்புவதுதான். உலக சுகாதார நிறுவனமும் 2013இல் எல்லோரிடமும் கேட்கச் சொல்லவில்லை. அறிகுறி தெரிந்தால் கேளுங்கள், தனிமையும் பயிற்சியும் அடுத்த உதவியும் இருந்தால் கர்ப்ப காலத்தில் கேட்பது நல்லது என்றது. கேட்டவர் செய்ய வேண்டியதும் பெரிய காரியம் இல்லை: குறுக்கே பேசாமல் கேட்பது, நம்புவது, இது உன் தப்பில்லை என்பது, இன்று இரவு வீட்டுக்குப் போவது பத்திரமா என்று யோசிப்பது, அடுத்த கதவைக் காட்டுவது. ‘கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா’ என்பது அதில் இல்லை.

அடுத்த கதவுக்கு நம் பக்கத்திலேயே மாதிரிகள் உண்டு. மும்பை பாந்த்ராவின் பாபா மருத்துவமனையில் மாநகராட்சியும் செஹாத் என்ற தன்னார்வ அமைப்பும் சேர்ந்து இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் ஆரம்பித்த ‘திலாசா’, ஆஸ்பத்திரிக்குள்ளேயே வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான துறை. காயத்துக்குக் கட்டுப்போட வந்தவள் வேறு எங்கும் அலைய வேண்டாம். இலங்கையில் அரசு மருத்துவமனைகளில் ‘மிதுரு பியச’, தமிழில் ‘நட்பு நிலையம்’, இதே வேலையைச் செய்கிறது. அங்கே 2019இல் நடந்த தேசிய ஆய்வில் ஐந்தில் ஒரு பெண் துணைவரிடம் உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்; தொலைபேசி உதவிக்கு எண் 1938. இங்கே 181. மாவட்டத்துக்கு ஒரு பாதுகாப்பு அலுவலர், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு எல்லா உதவியும் ஒரே இடத்தில் தரும் ‘சகி’ மையம் எல்லாம் 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்துக்குப் பிறகு வந்தவை. செவ்வாய்க்கிழமை நர்ஸுக்கும் சகி மையத்துக்கும் நடுவே நடைபாதை போடுவதுதான் பாக்கி.

அமெரிக்காவில் டேவிட் ஓல்ட்ஸ் தொடங்கிய திட்டம் ஒன்று உண்டு: நர்ஸ் வீட்டுக்கே வந்து முதல் பிரசவத் தாயைக் குழந்தைக்கு இரண்டு வயதாகும்வரை பார்த்துக்கொள்வார். குழந்தைகள் துன்புறுத்தப்படுவதை இது நன்றாகவே குறைத்தது. ஆனால் 2000இல் வெளியான மறுஆய்வு, வீட்டில் கணவனின் வன்முறை அதிகமாக இருந்த இடங்களில் அந்தப் பலன் கரைந்துபோனதைக் காட்டியது. தாயை விட்டுவிட்டுக் குழந்தையை மட்டும் காப்பாற்ற முடியவில்லை.

நம்பிக்கை தரும் செய்தி ருவாண்டாவிலிருந்து வந்தது. ‘பண்டெபெரெஹோ’ என்ற திட்டத்தில் மனைவி கர்ப்பமாக உள்ள, அல்லது சின்னக் குழந்தை உள்ள ஆண்களை வாரந்தோறும் கூட்டிப் பேசினார்கள், சில அமர்வுகளில் மனைவியரோடு. பிரசவம், குழந்தைக்குக் குளிப்பாட்டுவது, கருத்தடை, கோபம், வீட்டில் யார் முடிவெடுப்பது. ஏறக்குறைய 1,200 தம்பதிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, இருபத்தொரு மாதம் கழித்துப் பார்த்தபோது, கடந்த ஒரு வருடத்தில் கணவன் அடித்ததாகச் சொன்ன பெண்கள் பயிற்சி பெறாத பக்கம் 57 சதவீதம், பெற்ற பக்கம் 33. 33 என்பது கொண்டாடும் எண் அல்ல. ஆனால் இவ்வளவு இறங்கியதே பெரிய விஷயம். புதுத் தகப்பன் என்பவன் கொஞ்ச நாளைக்கு யார் சொன்னாலும் கேட்கிற மனநிலையில் இருக்கிறான் என்பதுதான் அதன் சூட்சுமம் போலிருக்கிறது. நம்மூரில் அந்த நாட்களில் அவனைப் பிரசவ வார்டுக்கு வெளியே மரத்தடியில் உட்கார வைத்திருக்கிறோம்.

இனி அந்தப் புதன்கிழமை. குழந்தைக்கு ஆறாவது, பத்தாவது, பதினாலாவது வாரத்தில் ஊசி உண்டு. தலைப்பிரசவம் என்றால் இந்த மூன்றுக்கும் பெரும்பாலும் பெற்றவளோடு அவளுடைய அம்மாதான் கூட வருவார். அடுத்த பெரிய ஊசி ஒன்பதாம் மாதம், தட்டம்மைக்கு. அதற்குள் அவள் புகுந்த வீட்டுக்குத் திரும்பிச் சில மாதம் ஆகியிருக்கும். இப்போது பக்கத்தில் மாமியார். குழந்தையின் எடையை அட்டையில் குறித்துக்கொண்டு, ஊசி போட்டு, காய்ச்சல் வந்தால் மாத்திரை கொடுங்கள் என்று சொல்லி நர்ஸ் அடுத்த குழந்தையைக் கூப்பிடுகிறார். குழந்தையை எடை போடும் மேசை உள்ளறையில் இருந்தால், ‘அம்மா மட்டும் தூக்கிட்டு வாங்க’ என்று சொல்லலாம். இரண்டு நிமிடம் தனிமை கிடைக்கும்.